ஸ்கேனரின் சின்னப் பெட்டரி: மாற்றப் போய் நாம் விடும் பிழைகள்

கையில் பிடித்து அடிக்கும் பார்கோடு ஸ்கேனருக்குள் இரண்டு பெட்டரி இருக்கலாம் என்பது, அதை நாள் முழுக்கத் தூக்கிக்கொண்டு திரிகிறவர்களுக்கே பல நேரம் தெரியாது. பின்மூடியைக் கழற்றினால் கையோடு வருவது பெரிய பெட்டரி. திரை ஒளிர்வதும் பார்கோடு வாசிப்பதும் அதன் தயவில். மற்றது உள்ளே, போர்டிலே ஒட்டிக்கொண்டோ சின்ன வயரில் தொங்கிக்கொண்டோ இருக்கும். அநேகமாக ஐந்து ரூபாய்க் குற்றியைவிடச் சற்றுச் சிறிசு. அது ஸ்கேனரை ஓட்டாது. பெரியதைக் கழற்றி வேறொன்று போடும் ஓரிரு நிமிடத்துக்குக் கடிகாரம் நிற்காமலும் நினைவில் இருப்பது அழியாமலும் தாங்கிப் பிடிப்பது மட்டும்தான் அதன் வேலை.

நான் அட்டன் பக்கம் ரிப்பேர் கடை வைத்திருப்பவன். போன், தராசு, கல்குலேட்டர் என்று இருந்த மேசைக்கு இப்போது ஸ்கேனர்களும் வருகின்றன. ஸ்டோர் என்று நாங்கள் சொல்லும் தேயிலைத் தொழிற்சாலைகளிலிருந்து, டவுன் சுப்பர்மார்க்கட்டிலிருந்து, சில தோட்டங்களில் கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்திலிருந்தும்கூட. சின்னப் பெட்டரி மாற்றுவது கைப்பழக்கம் உள்ளவனுக்குப் பத்து நிமிட வேலை. ஆனால் கெடுதல் அந்தப் பத்து நிமிடத்தில் நடப்பது குறைவு. ஸ்க்ரூவில் கை வைப்பதற்கு முன்னாலும், திரும்ப முறுக்கி முடித்த பிறகும்தான் ஆட்கள் அதிகம் பிழை விடுகிறார்கள்.

ஒரு தோட்டத்தில் நடந்தது. கொழுந்து நிறுக்கும்போது ஆளின் கார்டை ஸ்கேனரால் அடித்து, கிலோவைப் பதிவார்கள். காலை நிறுவை, பகல் நிறுவை இரண்டும் முடிந்து, அந்தி நிறுவைக்கு முன் பெட்டரி இறங்கிவிட்டது. மடுவத்துக் கூரையில் மழை கொட்டுகிறது. கணக்குப்பிள்ளை பையில் இருந்த மாற்றுப் பெட்டரியைப் போட்டார். ஸ்கேனர் புதிதாய்ப் பிறந்த பிள்ளை மாதிரி எழும்பியது. திகதி கேட்டது, நேரம் கேட்டது, உள்ளே ஒரு கிலோவும் இல்லை. சின்னப் பெட்டரி எப்போதோ செத்திருக்கிறது, யாருக்கும் தெரியவில்லை. பிறகு கொப்பியும் பேனாவும் எடுத்து ஒவ்வொருவரிடமும் கேட்டு எழுதினார்கள். "காலையில பதினொண்ணு, பகலுக்கு ஒம்பது தம்பி. நா என்ன பொய்யா சொல்லப்போறேன்?" என்று அங்கே வேலை செய்யும் அக்கா ஒருவர் என்னிடம் பிறகு சொன்னார். கிலோ குறைந்தால் முழுப் பேர் அரைப் பேராகிவிடும், அதாவது முழுநாள் சம்பளம் அரைநாள் சம்பளமாகிவிடும். அன்றைக்கு எத்தனை பேருக்கு அப்படியானது என்று நான் கேட்கவில்லை.

மாற்ற வேண்டியது அதுதானா?

திகதி பழையதுக்குப் போகிறது என்றவுடன் பெரிய பெட்டரியைப் புதிதாக வாங்கிப் போடுவது ஒரு பிழை. காசு போனது, குறை அப்படியே. பெரியது உள்ளே இருக்கும்வரை ஒழுங்காக ஓடி, அதைக் கழற்றிப் போட்டால் மட்டும் திகதி அழிகிறது என்றால் சந்தேகம் சின்னதன் மேல்தான்.

நேர்மாறான பிழையும் உண்டு. அலுமாரியில் மாதக்கணக்கில் கிடந்த ஸ்கேனரை எடுத்து, அரை மணி சார்ஜ் போட்டு, பெட்டரியை மாற்றிப் பார்த்து, "உள் பெட்டரி போச்சு" என்று கொண்டுவருவார்கள். உள்ளே இருப்பது சார்ஜ் ஏறும் வகை என்றால், அது பெரிய பெட்டரியிலிருந்து சொட்டுச் சொட்டாகத்தான் குடிக்கும். பெரியது நிறைந்ததற்கான பச்சை லைட் வந்துவிட்டது என்பதால் சின்னதும் நிறைந்தது என்று அர்த்தமில்லை. ஸ்டாண்டிலே ஓர் இரவும் ஒரு பகலும் விட்டுவிட்டுப் பிறகு சோதியுங்கள். என்னிடம் வந்தவற்றில் சில, ஸ்க்ரூவைத் தொடாமலேயே சுகமாகித் திரும்பிப் போயிருக்கின்றன. அதற்கு நான் காசு வாங்குவதில்லை. வாங்கியிருக்கலாம்.

புதிய ஆண்ட்ராய்டு மாடல்களில் கதை கொஞ்சம் வேறு. சிலவற்றில் பவர் பட்டனை அழுத்திப் பிடித்தால் 'பெட்டரி ஸ்வொப்' என்றொரு தெரிவு வரும். அதைத் தொட்டு, லைட் அணையும்வரை பொறுத்து, பிறகுதான் கழற்ற வேண்டும். அதைச் செய்யாமல் பிடுங்கிவிட்டு உள் பெட்டரியைத் திட்டுவதில் பயனில்லை. சில மாடல்களில் உள் பெட்டரியே கிடையாது. வயரில் கணினியோடு இணைத்து அடிக்கும் கடை ஸ்கேனரில் அதற்கு வேலையும் இல்லை. ஓடர் கொடுப்பதற்கு முன் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

டேட்டாவை இறக்காமல் கை வைப்பது

இதை நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. திறப்பதற்கு முன் உள்ளே இருக்கும் பதிவுகள் எல்லாம் கணினிக்குப் போய்ச் சேர்ந்தனவா என்று பாருங்கள். 'அனுப்பியாச்சு' என்று ஸ்கேனர் சொல்வதை நம்பாமல், கணினியில் கடைசி வரியைக் கண்ணால் பாருங்கள். பழைய விண்டோஸ் வகைகளில் இது உயிர்ப் பிரச்சினை. 2005இல் விண்டோஸ் மொபைல் 5.0 வரும்வரை அந்த வகைக் கருவிகளில் பயனரின் பதிவுகளும், பிறகு ஏற்றிய மென்பொருளும்கூட மின்சாரம் இருக்கும்வரை மட்டுமே நிற்கும் நினைவகத்தில் இருந்தன. இரண்டு பெட்டரியும் ஒன்றாக வெளியே வந்தால் எல்லாம் கழுவித் துடைத்த சட்டி. 'பழைய மாடல், ஆனா நல்லா உழைக்குது' என்று இன்றும் அவற்றை வைத்திருப்பவர்கள் உண்டு. அவர்கள் மென்பொருளின் நகல் ஒன்றையும் வெளியே வைத்திருக்க வேண்டும். வைபை பெயர், கடவுச்சொல், சேர்வர் முகவரி இவற்றைத் திரையிலிருந்து போனில் படம் பிடித்துக்கொள்வதும் நல்லது. எனக்கு இது பலமுறை கை கொடுத்திருக்கிறது.

ஒரே வட்டம், வேறு சரக்கு

எல்லாவற்றிலும் ஆபத்தான பிழை இதுதான், நானும் விட்டிருக்கிறேன். தொழிலுக்குப் புதிது. ஸ்கேனரைத் திறந்தால் வட்டச் செல் ஒன்று. கடையில் சிஆர்2032 டப்பா டப்பாவாக இருக்கிறது. அளவு பொருந்தியது, 3 வோல்ட் பொருந்தியது, போட்டு மூடிக் கொடுத்தேன். சில மாதம் கழித்துத் திரும்பி வந்தபோது உள்ளே செல் வயிறு ஊதி, போர்டில் பிசுபிசுப்பு. பழைய செல்லில் எழுதியிருந்தது எம்எல்2032. நான் இரண்டு எழுத்தைப் படிக்கவில்லை.

இலக்கம் அளவைத்தான் சொல்லும். 20 என்றால் விட்டம் 20 மில்லிமீற்றர், 32 என்றால் தடிப்பு 3.2 மில்லிமீற்றர். சரக்கு என்ன என்பது முன்னால் வரும் எழுத்தில் இருக்கிறது. சிஆர் வகை ஒருமுறை பாவித்துத் தீர்ந்தால் எறிவது. அதற்குள் சார்ஜ் ஏற்றவே கூடாது. எம்எல், விஎல் வகைகள் 3 வோல்ட்தான், ஆனால் சார்ஜ் ஏறுபவை. எம்எல் இருந்த இடத்தில் சிஆர் போட்டால், போர்டு தன் பாட்டில் அதற்கும் சார்ஜ் ஏற்றப் பார்க்கும். அது கசியும், ஊதும், கெட்ட நேரம் என்றால் வெடிக்கும்.

எல்ஐஆர்2032 என்று இன்னொன்று. அதுவும் சார்ஜ் ஏறும், ஆனால் நிறைந்தால் 4.2 வோல்ட். '3 வோல்ட் கிடைக்கல, இதப் போடு, இன்னும் ஸ்ட்ரோங்' என்று விற்பார்கள். 3 வோல்ட்டுக்குக் கட்டிய கடிகாரச் சுற்றில் 4.2 வோல்ட்டைக் கொண்டுபோய் வைத்தால் கடிகாரமே கருகலாம். இங்கே 'ஸ்ட்ரோங்' என்பது புகழ்ச்சியில்லை.

பெரிய கை ஸ்கேனர்கள் பலவற்றில் வட்டச் செல் ஒன்றாக இல்லாமல், சின்னச் சின்ன வில்லைகளை அடுக்கி மேலே பிளாஸ்டிக் உறை சுற்றிய நிக்கல் மெட்டல் ஹைட்ரைட் பெட்டரி இருக்கும். வில்லைக்கு 1.2 வோல்ட். இரண்டு அடுக்கென்றால் 2.4, மூன்றென்றால் 3.6. எத்தனை வில்லை என்று எண்ணாமல் 'இதே மாதிரி ஒண்ணு' என்று கேட்டு வாங்கக் கூடாது.

அப்படியானால் எதை நம்புவது? பழைய செல்லின் எழுத்தை. ஆனால் அதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள், உங்களுக்கு முன்னால் என்னைப் போல ஒருவன் கை வைத்திருக்கலாம். செல்லைப் போர்டோடு ஒட்டிய ஈயம் கம்பெனி வைத்தது போல் இல்லாமல் உருண்டையாக, மங்கலாக இருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள். அப்போது அதே மாடலின் இன்னொரு ஸ்கேனரையோ சேவிஸ் மெனுவலையோ பார்ப்பதுதான் வழி. செல்லைக் கழற்றிவிட்டு வெறும் இடத்தில் மீட்டர் வைத்து, வோல்ட் காட்டினால் சார்ஜ் ஏற்றும் சுற்று என்று முடிவெடுப்பார் சிலர். மின்சாரத்தை ஒரு பக்கம் மட்டும் விட வேண்டிய டயோட் வழியாகக் கசியும் சொற்ப மின்சாரமும் வெறும் இடத்தில் வோல்ட்டாகக் காட்டும். நான் அதை வைத்து முடிவெடுப்பதில்லை.

வாங்கும் இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் தேடினால் கிடைக்காதது குறைவு. அதில் நல்லதும் உண்டு, பழசும் உண்டு. மீட்டரைப் பையில் கொண்டு போங்கள். புது சிஆர் செல் 3 வோல்ட்டுக்குச் சற்று மேலே காட்ட வேண்டும், அதற்குக் கீழே காட்டும் 'புது' செல்லை நான் வாங்குவதில்லை. பாக்கட் இல்லாமல், டப்பாவில் ஒன்றோடொன்று உரசிக் கிடக்கும் செல்களையும் எடுப்பதில்லை. அவை ஒன்றை ஒன்று குடித்துக்கொண்டுதான் கிடக்கும்.

ஈயமும் வயரும்

செல்லின் முதுகில் நேராக ஈயம் வைப்பதைப் பலர் செய்கிறார்கள், ஒட்டியும் கொள்கிறது. ஆனால் சோல்டரிங் அயர்ன் நுனி 350 பாகைக்குப் பக்கத்தில் இருக்கும். லித்தியம் 180 பாகையிலேயே உருகிவிடும், உள்ளே இருக்கும் மெல்லிய பிரிப்புத் தாள் அதற்கும் முன்னாலேயே. ஒட்டிய செல் அன்றைக்கு 3 வோல்ட் காட்டும், இரண்டு மாதத்தில் வாயைப் பிளக்கும். மெல்லிய தகட்டுக் கால் வைத்து வெல்ட் பண்ணிய செல் என்றே கேட்டு வாங்குங்கள். அந்தக் காலின் நுனியில் ஈயம் வையுங்கள், இரண்டு மூன்று செக்கனுக்கு மேல் அயர்னை வைத்திருக்காதீர்கள்.

வயரும் பிளக்கும் உள்ள வகை சுலபம் என்று நினைப்போம். பிளக் அச்சாகப் பொருந்தும், சிவப்பும் கறுப்பும் மட்டும் இடம் மாறியிருக்கும். கம்பெனி அல்லாத சரக்கில் இது வாய்ப்பதுண்டு. நிறத்தைப் பார்க்காமல் பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து, மீட்டரால் எந்தத் துளை கூட்டல், எது கழித்தல் என்று பார்த்துவிட்டுச் சொருகுங்கள்.

பெரிய பெட்டரியைக் கழற்றாமல் மூடியைத் திறப்பதும், இரும்புச் சாமணத்தால் செல்லின் இரு பக்கத்தையும் சேர்த்துக் கவ்வுவதும் ஒன்றுதான், இரண்டிலும் ஷோர்ட்டாகும். பிளாஸ்டிக் சாமணம் இல்லாவிட்டால் மூங்கில் குச்சி போதும். திரைக்குப் போகும் தட்டை ரிபன் வயரை இழுத்துப் பிடுங்காதீர்கள். அதன் வாயில் நகக்கண் அளவில் ஒரு பூட்டு இருக்கும், அதைத் தூக்கிவிட்டால் ரிபன் தானாக வழுக்கி வரும்.

பழையது கசிந்திருந்தால் புதியதைப் போட்டு மூடிவிடாதீர்கள். நிக்கல் வகையின் கசிவு காரம், செம்புக் கோடுகளில் பச்சையாய் நீலமாய்ப் பூக்கும். பஞ்சுக் குச்சியில் துளி வினாகிரி தொட்டுத் துடைத்து, பிறகு ஐசோப்ரோப்பைல் அல்கஹோலால் இரண்டு தரம் கழுவி, நன்றாகக் காயவிட்ட பிறகே மற்ற வேலை.

மலைநாட்டுக்கு மட்டும் சில

கொழும்பில் ஏசி அறையிலிருந்து சொல்பவர்களின் குறிப்புகளில் இது இருக்காது. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,870 மீற்றர். காலையில் நானுஓயாவிலோ லிந்துலையிலோ மலையில் சுற்றிய ஸ்கேனரை நேரே கொண்டுவந்து, அடுப்பெரியும் அறையில் திறந்தால் போர்டின் மேல் பனி பூக்கும். குளிர்ந்த கண்ணாடியில் ஆவி படிவது போலத்தான். பொலித்தீன் பையில் கட்டி, மூடியபடியே ஒரு மணி நேரம் அறையில் வையுங்கள். வியர்ப்பது பைக்கு வெளியே வியர்க்கட்டும். மே தொடங்கி செப்டெம்பர்வரை தென்மேல் பருவமழைக்காலத்தில் மஸ்கெலியா, அட்டன் பக்கம் மிஸ்ட் கதவு வழியாக நடந்தே உள்ளே வரும். அந்த மாதங்களில் நான் திறக்கும் வேலைகளை நடுப்பகலுக்கு ஒதுக்கிவைப்பேன்.

ஸ்டோர் ஸ்கேனரின் சத்துரு வேறு, தேயிலைப் பஞ்சு. சலிக்கிற அறையில் பறக்கும் மெல்லிய மயிர் போன்ற தூசி. ஸ்கேனரின் இரண்டு ஓட்டுக்கும் நடுவில் ஓடும் ரப்பர் வளையத்தில் ஒரு இழை சிக்கினாலும் அந்த வழியாக ஈரம் போகும். ஐபி65 என்று பின்னால் அச்சடித்திருக்கும். 6 தூசி புகாது, 5 தண்ணீர் பீச்சினாலும் தாங்கும். ஆனால் அது கம்பெனி மூடியபோது இருந்த கணக்கு. நீங்கள் திறந்து மூடிய பிறகு, ரப்பர் அதன் பள்ளத்தில் சுருக்கமில்லாமல் உட்கார்ந்தால்தான் அது மிச்சம். மூடிய பின் ஓட்டின் இடைவெளி சுற்றிவர ஒரே மாதிரி இருக்கிறதா என்று விரல் நகத்தால் ஓட்டிப் பாருங்கள். ரப்பர் கிழிந்திருந்தால் ஹார்ட்வெயாரில் விற்கும் சிலிக்கன் பசையைப் பூசி அடைக்காதீர்கள். வினாகிரி வாடை வரும் அந்தப் பசை காயும்போது விடும் ஆவி, உள்ளேயிருக்கும் செம்பை அரிக்கும்.

ஸ்க்ரூக்களுக்கு என் வழி: நாட்காட்டியில் நேற்றைய தாளைக் கிழித்து, அதில் ஸ்கேனரின் வடிவத்தைக் கீறி, கழற்றும் ஒவ்வொரு ஸ்க்ரூவையும் அதன் இடத்திலேயே குத்திவைப்பேன். நீளமானதைக் கட்டையானதன் துளையில் முறுக்கினால் ஓட்டைப் பிளந்துகொண்டு வரும். திரும்பப் போடும்போது முதலில் ஸ்க்ரூவை எதிர்ப்பக்கம் மெதுவாகச் சுற்றுங்கள். ஓரிடத்தில் 'டக்' என்று கீழே இறங்கும். அதுதான் பழைய மரை. அங்கிருந்து முறுக்கினால் பிளாஸ்டிக் புதிதாய் அரையாது.

மூடிய பிறகு: அந்த அரை மணி நேரம்

புதுச் செல் போட்டதும் திகதியும் நேரமும் கேட்கும். அவசரத்தில் நேரத்தை மட்டும் போட்டுவிட்டுத் தந்துவிடுவார்கள். சிலதில் திகதி பல வருடம் பின்னால் நிற்கும், பிறகு பாதுகாப்புச் சான்றிதழ் கேட்கும் வைபை ஏற்காது. ஸ்கேனரைப் பொறுத்தவரை அந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவில்லை. வைபை கெட்டுவிட்டது என்று நினைத்துத் திரும்பத் திறப்பார்கள்.

இதைவிட நுணுக்கமானது நேர வலயம். 1996 மே மாதம் இலங்கை நேரத்தை ஒரு மணி முன்னே தள்ளினார்கள். அதே வருடம் ஒக்டோபரில் அதில் அரை மணி குறைத்தார்கள். 2006 ஏப்ரல் புத்தாண்டோடு, உலக நேரத்துக்கு ஐந்தரை மணி முன்னே நிற்கும் பழைய கணக்குக்கே மறுபடி வந்தோம். இடையில் செய்யப்பட்ட பழைய விண்டோஸ் கருவிகள் இன்னும் 'ஸ்ரீ ஜயவர்தனபுர' என்பதற்கு ஆறு மணிக் கணக்கையே வைத்திருக்கின்றன. நம்மூர்ப் பெயர் என்று ஆசையாக அதைத் தொட்டு, பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைச் சரிசெய்துவிடுவோம். திரையில் எல்லாம் சரியாகத் தெரியும். ஆனால் உலக நேரமாக மாற்றிச் சேர்வருக்கு அனுப்பும்போது ஒவ்வொரு பதிவும் அரை மணி முந்தியதாகிவிடும்.

ஒரு ஸ்டோரில் இப்படித்தான் இரவு 12.10க்கு அடித்த சாக்குகள் முதல்நாள் 11.40 என்று விழுந்தன. ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளும் டீமேக்கர் ஐயாவும் ஒபிஸும் ஒரு வாரம் சாக்குக் கணக்கில் முட்டிக்கொண்டார்கள். அப்படியான பழைய கருவியில் 'சென்னை, கொல்கத்தா, மும்பை, புதுடில்லி' என்ற வரியைத் தொடுங்கள், அதுதான் ஐந்தரை. நம்மூர்ப் பெயரைத் தவிர்த்துவிட்டு டில்லியைத் தொடுவது மனதுக்கு ஒருமாதிரிதான்.

பிறகு, கொடுப்பதற்கு முன் சோதனை. ஸ்டாண்டில் ஓர் இரவு வைத்து, காலையில் பொய்ப் பதிவு ஒன்று அடித்து, பெரிய பெட்டரியைக் கழற்றி ஐந்து நிமிடம் மேசையில் வையுங்கள். திரும்பப் போட்டால் நேரமும் அந்தப் பதிவும் இருக்க வேண்டும். வாடிக்கையாளர் முன்னால் செய்தால் இன்னும் நல்லது, மாற்றுப் பெட்டரி போட எவ்வளவு நேரம் இருக்கிறது என்று அவரும் தெரிந்துகொள்வார். நீண்ட நாள் பாவிக்காமல் வைப்பதாக இருந்தால் மாதம் ஒரு தரமாவது சார்ஜ் போடும்படியும் சொல்லிவிடுங்கள்.

கழற்றிய செல்லை ஸ்டோர் அடுப்பில் விறகோடு போட்டுவிடும் பழக்கம் சிலருக்கு உண்டு, அங்கே அது வெடிக்கும். மேசை விளிம்பிலோ லயத்து ஜன்னலிலோ வைப்பது அதைவிட மோசம். 20 மில்லிமீற்றர் செல் சின்னப் பிள்ளையின் உணவுக்குழாயில் அச்சாகச் சிக்கிக்கொள்ளும், இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உள்ளே வெந்து புண்ணாகத் தொடங்கும். தீர்ந்துபோன செல்லிலும் அதற்குப் போதுமான மின்சாரம் மிச்சமிருக்கும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே போதும், வாந்தி எடுக்கவைக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். என் கடையில் பழைய செல்லின் இரு முகத்திலும் டேப் ஒட்டி, மூடி இறுக்கமான ஜாம் போத்தலில் போட்டு மேல் தட்டில் வைக்கிறேன். நிறைந்ததும், மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதி பெற்ற மின்கழிவு சேகரிப்பாளரிடம் போகிறது.